பால் காய்ச்சிய முகவரி

காலை 6.40. செய்தி சேகரிக்க நான் வெள்ளிமலைக்குப் போன பேருந்தின் ஜன்னலில் முதலில் தெரிந்தது என் அக்கா கணவரின் மின்னஞ்சல் முகவரி. ஒரு வீட்டில் குளிக்கும் இடத்துக்கு மறைப்பாகத் தொங்கிய அரிசிச் சாக்கில் அது அச்சாகியிருந்தது.

மாமாவுக்குச் சங்கராபுரம் சாலையில் அரிசி ஆலை. சாக்கில் இருந்தாலும் அந்த முகவரி அவருக்குச் சொந்தமில்லை. இணைய இணைப்பு கொடுத்த உள்ளூர் நிறுவனம் இணைப்போடு கொடுத்தது. மழை பெய்தால் இணைப்பு போய்விடுகிறது என்று, அதை நிறுத்தச் சொல்லி மாமா எழுதிக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசியில் முகவரியும் சேர்ந்து போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாலக்காட்டு மொத்த வியாபாரி ஒருவர் மாதிரி அரிசி வாங்கிப் போயிருந்தார். முதல் ஆர்டரை அந்த முகவரிக்குத்தான் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அவரை நம்பித்தான் மாமா புது இயந்திரம் இறக்கியிருந்தார்.

மாலையில் ஆலைக்குப் போய் வழி சொன்னேன். ஆலையின் பெயரில் சொந்தமாக ஒரு டொமைன், அதாவது இணையப் பெயர், வாங்கி, அதில் முகவரி வைத்துக்கொண்டால், எத்தனை நிறுவனம் மாறினாலும் முகவரி மாறாது.

மாமா கவனமாகக் கேட்டார்.

“எல்லாம் சரி மச்சான். நாளன்னிக்கு ஆடி பொறக்குது. ஆடியில எவனாவது புதுசா ஆரம்பிப்பானா?”

“இது கம்ப்யூட்டர்ல இருக்கிற முகவரி மாமா.”

“கம்ப்யூட்டர் ஆலையிலதான இருக்குது?”

“ஆவணி வரைக்கும் பழசு தாங்காது.”

“அப்ப ஆர்டரு இன்னா ஆவறது?”

ஆடியை நான்தான் அழைத்து வந்ததுபோல என்னைப் பார்த்தார்.

காபி கொண்டுவந்த அக்கா சொன்னாள்: “வூட்டுக்கு மட்டும் ஆனியிலயே பால் காய்ச்சி வெச்சிட்டு, அப்பறமா சாமான் ஏத்தறோம் இல்ல? இதுக்கும் காய்ச்சிடுங்க.”

மறுநாள், ஆனியின் கடைசி நாள், நல்ல நேரம் பார்த்து, கணினிக்குப் பக்கத்தில் மின் அடுப்பில் பால் பொங்கியது. அது கிழக்கே வழிந்ததில் மாமாவுக்குத் திருப்தி. கீபோர்டு மேற்கே இருந்ததில் எனக்குத் திருப்தி. புது முகவரியிலிருந்து முதல் மடலை எனக்கே அனுப்பினோம். இரண்டாவது, முகவரி மாறிய தகவலோடு, பாலக்காட்டுக்கு.

மாமா அன்றிரவு முதல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததாக அக்கா சொன்னாள்.

ஆடி பிறந்த பிறகு பதில் வந்தது, புது முகவரிக்கே. முகவரியைக் குறித்துக்கொண்டதாகவும், தங்கள் ஊரில் கர்க்கடகம் நடப்பதால் முதல் ஆர்டர் அது முடிந்த பிறகுதான் என்றும் வியாபாரி எழுதியிருந்தார். கர்க்கடகம் என்பது மலையாளத்து ஆடி.