தேள் கொடுக்கருகே ஒரு வெள்ளிக்கொத்து

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்களை ஏற்றிவந்த வண்டிக்காரருக்கு நரைத்த முறுக்கு மீசை. ஐப்பசியில் காய்ந்த ஆற்றில் மாட்டை இறக்குமுன், மலைக்கு மேலே, வானத்துத் தேளின் கொடுக்கை ஒட்டிய வெள்ளிக்கொத்தை, அந்த நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பார். அது கலங்கித் தெரிந்தால் மலையில் மழை, வெள்ளம் வரும் என்று நின்றுவிடுவார்.

அன்று வண்டிக்குள் என் மகள் பிரசவ வலியில் துடித்தாள். அவர் கரையிலேயே நிறுத்திவிட்டார்.

"கொத்து கலங்கிக் கிடக்கு தாயி. விடியட்டும்."

"அதுவரைக்கும் இவ தாங்குவாளா அண்ணாச்சி? எனக்கு வெள்ளியெல்லாம் உதிரி உதிரியாத் தெரியுதே!" என் கண் அம்புட்டுக் கூர்மை.

"நிசமாவா?"

"பொட்டுப் பொட்டாத் தெரியுது."

செத்த நேரம் கண்ணைக் கசக்கினார். பிறகு மாட்டை இறக்கினார். நடு ஆறு தாண்டும்வரை நான் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளம் வரவில்லை.

பேத்தி பிறந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர் மெல்லச் சொன்னார்: "என் கண்ணு மங்கிப்போனதப் பத்தி வெளிய சொல்லிராதிய தாயி. பொறவு எவன் என் வண்டியில ஏறுவான்?"

அந்தக் கொத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பேர் நாக்கு வரை வரும். சொன்னதில்லை, எழுதவும் மாட்டேன்.