இடப்பக்கத் தகடு

விதாத்துக்கும் லம்ஜத்துக்கும் விவாகரத்தாகி, வீடும் காரும் சட்டிபானையும் பிரிந்த பிறகும், படகு மட்டும் பிரியாமல் அவர்கள் ஊரான கெலிபியாவின் துறைமுகத்தில் கிடந்தது. கல்யாணமான புதிதில் அவர்கள் வாங்கியபோதே அது பழைய பாய்மரப் படகுதான். விதாத் மருந்துக்கடை வைத்திருந்தாள். லம்ஜத் பக்கத்து நகரமான நாபுலுக்குப் பேருந்து ஓட்டினான். படகை விற்றுத் தொலைக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வாங்க வந்தவர் முன்ஸிஃப். தெற்கே சஃபாக்ஸ் ஊர்க்காரர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். கடலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு என்று சொல்லி, ரொட்டியும் ஹரீஸா மிளகாய் விழுதும் வறுத்த மத்தியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அவர் துறைமுகப் படியிறங்கி வருவதற்குள் விதாத் மேல்தளத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பி வடங்கள், தளத்தில் பதித்த எஃகுத் தகடுகளில் வந்து முடியும். இடப்பக்கத் தகட்டைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தது. அதன் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கசிவு. அவள் குனிந்து, குரலைத் தாழ்த்தி, இது என்ன என்று கேட்டாள்.

"பசை வெச்சு அடைச்சாச்சு. இப்ப ஆரம்பிக்காத" என்றான் லம்ஜத்.

அந்த 'ஆரம்பிக்காத'வை அவள் பல வருடம் கேட்டுச் சலித்தவள். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் இன்றோடு இது முடியட்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

எஞ்சின் மெக்கானிக்கிடம் பிரித்துப் போட்டபடி கிடந்தது. காற்று இதமாகத்தானே அடிக்கிறது, பாயிலேயே போய் வருவோம் என்று முன்ஸிஃபே சொல்லிவிட்டார். கரை சிறுத்துப் போகும்வரை ஓட்டினார்கள். அவர் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டு, ரயிலுக்குத் தண்டவாளம் இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று சிரித்தார். லம்ஜத்தும் சிரித்தான். விதாத் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஊரைப் பார்த்துத் திரும்பியபோது தெற்கிலிருந்து வெக்கையோடு காற்று ஏறியது. பாலைவனத்துக் காற்று; ஏறினால் சொல்லிக்கொண்டு ஏறாது. மேற்கே போகும் படகுக்கு அது நேராக இடப்பக்கம் வந்து மோதியது. படகு வலப்புறம் சாய்ந்தது. பாரம் முழுவதும் இடப்பக்க வடத்தில் ஏறியது.

முதலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு 'டக்' என்று ஏதோ தெறித்த சத்தம். விதாத் திரும்பிப் பார்த்தாள். தகடு தளத்திலிருந்து விரல் நுழையும் அளவுக்கு மேலே வந்திருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அது எழும்பி எழும்பி அடங்கியது. அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் பிதுங்கி வந்தது. அது பிடுங்கிக்கொண்டால் பாய்மரம் வலப்புறமாகச் சாயும். பாயைக் கையாளுகிற லம்ஜத் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, கட்டையை வலப்பக்கம் தள்ளுங்க. முழுசா!" என்றாள்.

"தங்கச்சி, கரை நேர் முன்னாடில்ல இருக்கு?"

"கரை அப்புறம். தள்ளுங்க."

அவர் தள்ளினார். படகு காற்றுக்குள் முகத்தைத் திருப்பியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தது. இப்போது பாரம் வலப்பக்க வடத்துக்குப் போய்விட்டது. இடப்பக்கம் தொய்ந்தது. பாய்மரம் நின்றது. ஆனால் படகு ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுக்கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் இத்தாலிக்காரனின் தீவுதான். அதுவரை வலப்பக்கத் தகடு தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

லம்ஜத் பெரிய பாயை இறக்கி அள்ளிக் கட்டினான். முன்பாயைச் சிறு துண்டாகச் சுருட்டினார்கள். பாய்மர உச்சியிலிருந்து ஒரு உதிரிக் கயிறு இறங்குகிறது. அதை இடப்பக்கம் எங்காவது இறுக்கிக் கட்டினால் வடத்துக்குப் பதிலாக அது பிடிக்கும். பிறகு ஊருக்குத் திரும்பலாம். எங்கே கட்டுவது என்பதுதான் கேள்வி. இடப்பக்கம் வரிசையாகக் கொக்கிகள் இருந்தன. எல்லாவற்றைச் சுற்றியும் அதே புது வெள்ளை.

விதாத் கயிற்று முனையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எதையெல்லாம் பூசி மறைச்ச? உள்ளதச் சொல்லு."

அவன் முன்ஸிஃபைப் பார்த்தான். முன்ஸிஃப் கடலைப் பார்த்தார்.

"லம்ஜத், நான் உன்கிட்ட சண்டை போடல. எதுல கட்டலாம்னு மட்டும் சொல்லு."

"நடுவுல இருக்கறது எதையும் நம்பாத" என்றான் அவன். "தளத்துக்குள்ள மரம் ஊறிப் போச்சு. குத்திப் பார்த்தேன், சாவி உள்ள போயிடுச்சு. கடைசில, பின்மூலைல இருக்குதே, அது நாம ரெண்டு பேரும் அடியில எஃகு வெச்சுப் போட்டது. அது மட்டும் நல்லாருக்கு."

"நிச்சயமா?"

"அதுல கட்டு. நானே அதுக்குப் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

கட்டினார்கள். கயிறு வீணைத் தந்திபோல விறைக்கும்வரை அவன் முறுக்கினான். திரும்பலாம் என்று விதாத் தலையசைத்தாள். முன்ஸிஃப் கட்டையை இழுத்தார். காற்று இடப்பக்கம் வந்தது, கயிறு கிறீச்சிட்டது, பாய்மர உச்சி லேசாக வளைந்தது. லம்ஜத் சொன்னபடி கொக்கியின் அருகில் உட்கார்ந்து, அதன்மேல் கையை வைத்திருந்தான். ஊர்க் கோட்டை கண்ணுக்குத் தெரிந்து, துறைமுகச் சுவருக்குள் அலை அடங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

கரையில் முன்ஸிஃப் கோபப்படவில்லை. மீதி ரொட்டியை விதாத்திடம் கொடுத்தார். லம்ஜத்திடம், "தம்பி, நான் ரயில் ஓட்டினவன். பின்னாடி ஆயிரம் பேர் தூங்கிட்டிருப்பாங்க. இந்தப் பூசி மறைக்கற வேலை வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

அந்தக் குளிர்காலம் படகைக் கரையேற்றினார்கள். தளத்தை அறுத்துத் திறந்தபோது உள்ளிருந்த மரம் ஊறிய தேயிலைபோலக் கையோடு வந்தது. போல்ட்டுகளில் பாதி உப்பில் கரைந்து பென்சில் முனையாகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சுரண்டினான், அவள் காயவைத்துப் புது மரம் ஒட்டினாள். தகடு ஒவ்வொன்றுக்கும் அடியில் அகலமான எஃகுப் பட்டை வைத்து முடுக்கினார்கள். சண்டையும் போட்டார்கள், பெரும்பாலும் பசை காய்ந்ததா இல்லையா என்று. ஒருநாள் அவன் மண்டியிட்டபடியே, அன்னிக்கு உன்னையும் சேர்த்துத்தானே ஏத்திக்கிட்டுப் போனேன் என்றான். அவளும் அந்தக் கசிவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியதாகச் சொன்னாள்.

வசந்தத்தில் விதாத்தே முன்ஸிஃபுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள்: எதைத் திறந்தார்கள், எதைத் திறக்கவில்லை என்பது உட்பட. அவர் ஒரு சுத்தியலோடு வந்தார். தளம் முழுவதும் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு வாங்கிக்கொண்டார்.

படகு சஃபாக்ஸை நோக்கிப் புறப்பட்ட காலையில் இருவரும் துறைமுகச் சுவரில் நின்றார்கள். அது முனையைத் தாண்டி மறைந்தது. இனி சந்திக்க ஒரு காரணமும் இல்லை. காப்பி குடிக்கலாமா என்று லம்ஜத் கேட்டான்.

"கடை திறக்கணும்" என்றாள் விதாத்.

அவன் தலையாட்டினான். அவள் சரிவேறி நடந்தாள். கடைக்கு வந்து கதவைத் தூக்கிவிட்டபோதுதான் கவனித்தாள், இன்று கடைக்கு விடுமுறை நாள்.