ஒட்டகத்தின் தண்ணீர் பாட்டில்

கட்டட வேலையிடத்தில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். காரணம் இல்லாமல் இல்லை. காலை ஏழு மணிக்கு டவர் கிரேனில் ஏறினால் மாலை வரை இறங்கமாட்டார். முந்நூறு படி இரும்பு ஏணி. ஒன்றுக்குப் போக இறங்கி ஏறினால் அரை மணி நேரம் போச்சு, கீழே கான்கிரீட் காத்துக் கிடக்கும். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. பதினெட்டு வருஷமாக இதே கதைதான். இதில் மனுஷனுக்குப் பெருமை வேறு.

முதலில் வலது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்தது. போர்வை பட்டாலே உயிர் போய் உயிர் வந்தது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கினார், விழுங்கினார், ஏறினார். நாலு வருஷத்தை இப்படியே ஓட்டினார். கடைசியில் மனைவி கெஞ்சிக் கூத்தாடித்தான் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்த மருத்துவர் அம்மா, விரலை ஒரு நிமிஷம் பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"நான் கால் வலிக்குத்தான் வந்தேன்," என்றார் ஒட்டகம்.

"விரல்ல சேர்ந்திருக்கிறது யூரிக் அமிலம். அதை வெளியேத்த வேண்டிய சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுது. தண்ணி குடிக்காததும் அந்த மாத்திரையும் சேர்ந்து பண்ணின வேலை. சிறுநீரகம் கெடக்கெட அமிலமும் ஏறும், பிரஷரும் ஏறும், இதயம் அடிவாங்கும். வலி மாத்திரையைத் தொடாதீங்க. தண்ணி குடிங்க."

மறுநாளிலிருந்து மனைவி இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். சாயந்திரம் அது காலியாக வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அந்தப் பாவி மனுஷனோ தண்ணீரை மேலேயிருந்து கொட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன், "என்னண்ணே, உங்க பக்கம் மட்டும் மழையா?" என்று வாக்கி டாக்கியில் கிண்டலடித்தான். மாத்திரையும் சட்டைப்பையை விட்டுப் போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி. கொக்கியில் கம்பிக்கட்டு தொங்கும்போதே அவருக்கு மூச்சு முட்டியது, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாரத்தைக் கீழே இறக்கிவிட்டார். ஏணியில் கால் வைத்தார். கட்டைவிரல் கொன்றது. திரும்பிவந்து இருக்கையில் சரிந்தார். பயந்துபோனார், வேறென்ன. மூச்சு முட்டுவதை வாக்கி டாக்கியில் சொன்னார்.

"அண்ணே, ஆம்புலன்ஸ் வருது. இறங்க முடியுமா?" சைகைக்காரன் குரல்.

"முடியலடா."

"நாங்க ஏறி வர்றோம். அண்ணிக்கு போன் போடட்டுமா?"

காலடியில் பாட்டில் இருந்தது. காலையில் அவள் நிரப்பிய தண்ணீர் இன்னும் கழுத்துவரை நின்றது.

"போடு. நான் தண்ணியைக் கீழ கொட்டினதையும் சொல்லிடு. இல்லேன்னா நான் குடிச்சேன்னுதான் அவ டாக்டர்கிட்ட சொல்லுவா."