மழையில் நின்ற ரத்தக்காட்டேரி

என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு ரத்தக்காட்டேரியோடு சகவாசம் உண்டு. ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறார். அங்கே யாரோ வேண்டாமென்று விட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து அறையின் மூலையில் வைத்திருந்தார். அதில் ஓடியது ஒரே ஒரு பழைய கேம். அதன் நாயகன் ஒரு பிரபு. கொலையுண்டு, காட்டேரியாக எழுந்து வந்தவன். எதிர்ப்படுகிறவர்களின் ரத்தத்தைக் குடித்தால்தான் நடமாடுவான். குடிக்காவிட்டால் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டே போகும், அது தீர்ந்தால் ஆள் காலி. மழை பட்டாலும் உடம்பு வெந்துபோகும். நம்ம ஊர் மழைக்கு இவன் தாங்கமாட்டான் என்று கேலி செய்வேன்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் அந்தக் கொலைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அத்தை, அதாவது என் மாமியார், மகனிடம் சொல்லிப் பார்த்தார்.

"புள்ளத்தாச்சி புருசன் ஒரு கோழியக்கூட அறுக்கக்கூடாதுடா. முடி வெட்டக்கூடாது. நீ என்னடான்னா வீட்டுக்குள்ளயே இத்தன பேரக் கொல்லுற."

"அது வெறும் படம்மா," என்று சிரித்தார்.

ஐந்தாம் மாதம் அந்தப் பிள்ளை தங்கவில்லை. இது யார் செய்த தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னார். தலையாட்டினேன், ஆனால் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கண் அந்தக் கம்ப்யூட்டர் மேல்தான் போனது. வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும்.

மறுபடி உண்டானபோது, "இனி அந்த கேம் வேணாங்க," என்று மட்டும் சொன்னேன். "சரி," என்றார். அவ்வளவு லேசில் சொன்னதே எனக்கு உறுத்தியது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேட்டவுடன் சரி சொல்கிற பிள்ளையின் பையைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

அதனால் வெளியே போய்வந்தால் முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் கை வைப்பேன். சூடாக இருக்கும். சத்தம் மட்டும் வராது, இயர்போன் வாங்கியிருந்தார். போதாக்குறைக்குத் தாடி வேறு வளர்ந்தது. கேட்டால் சலூனில் கூட்டமாம். எந்த சலூனில் மாசக்கணக்காகக் கூட்டம் நிற்கும்? யாருக்காக இந்தத் தாடி என்று இன்னொரு சந்தேகமும் கிளம்பியது. தூக்கம் கெட்டது. அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணிகூட எனக்குக் கசந்தது.

ஐந்தாம் மாதம் வந்தது. பயத்தில் நான் பாதியாகிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தையோடு கோயிலுக்குப் போவதாகக் கிளம்பி, அத்தையை முன்னால் அனுப்பிவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அடித்த இரைச்சலில் நான் கதவைத் திறந்தது என் கணவருக்குக் கேட்கவில்லை.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் பின்னால் போய் நின்றேன்.

திரையிலும் மழை. ஒரு கிராமத்துத் தெருவில் காட்டேரி நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண் குடத்தோடு போனாள். அவன் அவளைத் தொடவில்லை. ஒரு கிழவர் போனார், அவரையும் விட்டுவிட்டான். சிவப்புக் கோடு இறங்கி இறங்கித் தீர்ந்தது. விழுந்து செத்தான். என் கணவர் மறுபடி அவனை எழுப்பினார். அதே தெருவில் கொஞ்ச தூரம் நடத்தினார். மறுபடி செத்தான்.

இயர்போனைப் பிடுங்கினேன். "என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரையும் கொல்லாம இத முடிக்க முடியுமான்னு பாக்கிறேன்."

"முடியுமா?"

"முடியாது போல. கொஞ்ச தூரத்துலயே செத்துப்போறான்."

"பெறகு ஏன் உக்காந்து இத கட்டி அழுறீங்க? விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். "மொதப் புள்ள வயித்துல இருந்தப்ப நான்தானே அத்தன பேரையும் கொன்னேன். அம்மா சொன்னாங்க. நான் சிரிச்சேன்."

நான் மனசுக்குள் அவர்மேல் போட்டிருந்த பழியை அவர் எனக்கு முன்னாலேயே தூக்கிச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். தாடியின் காரணமும் அப்போதுதான் உறைத்தது. டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். இது யார் செய்த தப்பும் இல்லை என்று ரெண்டு மூன்று தரம் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே நம்பிக்கை வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையில் அவன் எழுந்து, மழையில் வெந்துகொண்டு நின்றான்.

"அவன எங்கயாச்சும் ஒரு கூரைக்குக் கீழ கொண்டுபோய் நிறுத்துங்க," என்றேன்.

தெருக்கோடியில் ஒரு வைக்கோல் கொட்டகை இருந்தது. அதற்குள் அவனை நிறுத்தி, ஆட்டத்தை அந்த இடத்திலேயே சேவ் பண்ணிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார். எங்கள் மகள் பிறக்கும்வரை அவன் அங்கேயே நின்றான்.