ஆங்காங்கே லேசான பனிப்பொழிவு

ஜிபார் எழுதித் தரும் வானிலை அறிவிப்பைக் காலை ஏழு மணிக்கு எங்கள் வட்டார வானொலியில் வாசிப்பது என் வேலை. பதினொரு வருஷம் வாசித்தேன். அதில் ஒரே ஒரு நாள் வாசித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவளை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

வானிலை நிலையம் ஊரின் மேற்குக் கோடியில், நாரின் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. முன்னறிவிப்பு எழுதுகிறவள் ஜிபார் ஒருத்திதான். அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். கருவிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தனியாக ஆட்கள் உண்டு. ஆனாலும் இவள் தொப்பிகூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடி, தானும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருவாள். அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கறிக்கடையில் "கிட்டத்தட்ட ரெண்டு கிலோ இருக்கும்" என்றால், "கிட்டத்தட்டன்னா எவ்ளோ? நிறுத்துச் சொல்லு" என்பாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலோ, நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்வது.

அந்த வருஷம் நவம்பரில் அவள் கணக்கு ஒரு தடவை தப்பியது. பெரும்பனி வருகிறது, முழங்கால் அளவு கொட்டும் என்று எச்சரிக்கை எழுதினாள். நானும் குரலைத் தாழ்த்தி, கவலையோடு வாசித்தேன். கணவாய்ச் சாலையை இரண்டு நாள் மூடிவிட்டார்கள். மேகம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கமே நின்று அங்கேயே கொட்டித் தீர்த்துவிட்டது. எங்கள் பக்கம் பளிச்சென்று வெயில். கணவாய்க்கு அப்பால் ஒரு கல்யாணக் கூட்டம், சமைத்த குதிரைக்கறியோடு இரண்டு நாள் வண்டிகளிலேயே கிடந்தது. மாப்பிள்ளை வட்டார நிர்வாகியின் அக்கா மகன்.

அதன் பிறகு சந்தையில் அவள் தலையைக் கண்டாலே பேச்சுதான்.

"ஏம்மா ஜிபார், இன்னைக்குத் துணி காயப் போடலாமா? பனி வரும்னு நீ சொல்லிட்டேன்னா தைரியமாப் போட்டுருவேன்."

அவள் கேரட்டை நிறுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரு நாள் மட்டும் என்னிடம் சொன்னாள்: "கெனெஷ் அண்ணே, இந்த வருஷம் பூரா நான் சொன்னதுல நூத்துக்குத் தொண்ணூறு நாள் சரியா இருந்துது. ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கா?"

எனக்கும் ஞாபகம் இல்லை. "விடும்மா" என்றேன். "எதை விடணும்?" என்று கேட்டாள்.

நிலைய இயக்குநர் மெடெர்பெக் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. நவம்பர் விவகாரத்தில் நிர்வாகி அவரைக் கூப்பிட்டு அரைமணி நேரம் நிற்க வைத்துப் பேசியிருந்தார். அன்றிலிருந்து ஒரு புது விதி: 'எச்சரிக்கை' என்ற சொல் அவர் கையெழுத்து இல்லாமல் நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி நாலு மணிக்கு, வழக்கம்போல மறுநாளைக்கான தாளை வாங்கிக்கொள்ள நிலையத்துக்குப் போனேன். இயக்குநர் அறைக் கதவு திறந்திருந்தது. ஜிபார் நின்றுகொண்டிருந்தாள். மேஜையில் இரண்டு கிண்ணத் தேநீர், மேலே பாலாடை கட்டி ஆறிப் போயிருந்தது.

"சார், இது நவம்பர் மாதிரி இல்ல. மேற்க மூணு நிலையத்துல காலையிலேர்ந்து காத்தழுத்தம் விழுந்துட்டே இருக்கு. முதல்ல வெதுவெதுன்னு காத்து வரும். நாளைக்கு மதியம் மூணு டிகிரி. பூஜ்யத்துக்கு மேல. சாரல் போடும். சாயங்காலம் வடமேற்குலேர்ந்து குளிர்காத்து உள்ள வந்துரும். மறுநாள் விடியறப்ப மைனஸ் இருபத்தஞ்சு."

"அதத்தான் எழுதியிருக்கியே, பார்த்தேன்."

"பார்த்தீங்க, சரி. கையெழுத்து?"

மெடெர்பெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிப்ரவரில சாரல்னு எழுதுனா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். பனி மேல சாரல் விழுந்து உறைஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்களும் ஆடு மேய்ச்ச குடும்பம்தானே."

அவள் பெயர் சொல்லாமல் சொன்னது ஜுத். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை வீட்டுக்குள் சும்மா சொல்ல மாட்டார்கள். பனிக்கு மேல் கண்ணாடி ஓடு போல ஐஸ் படிந்துவிடும். அடியில் புல் இருக்கும். ஆட்டுக் குளம்பால் அதைக் கிளற முடியாது. நாலைந்து நாளில் மந்தை நின்ற இடத்திலேயே சாய ஆரம்பிக்கும்.

"தலைநகரத்துலேர்ந்து வந்த பொது அறிவிப்புல அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார் மெடெர்பெக்.

"அவங்க மொத்த நாட்டுக்கும் எழுதுறாங்க. நான் இந்தப் பள்ளத்தாக்குக்கு எழுதுறேன். அதுக்குத்தானே இந்த நிலையமே இருக்கு?"

அவர் பேனாவை எடுத்தார். 'எச்சரிக்கை' அடிபட்டது. 'சாரல்' அடிபட்டது. 'மந்தைகளைத் தீவனம் உள்ள இடத்துக்கு இறக்கவும்' என்ற வரி முழுசாக அடிபட்டது. மேலே சின்ன எழுத்தில் எழுதினார்: 'மாறுபட்ட மேகமூட்டம். ஆங்காங்கே லேசான பனிப்பொழிவு. மாலையில் வெப்பநிலை குறையும்.'

"குறையும்னு போட்டிருக்கேன் பாரு. பொய் இல்லையே."

"இருபத்தெட்டு டிகிரி, சார். குறையும்ங்கிறீங்க."

அவர் தாளை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். என் வேலை அதுதான்.

அன்று மாலை ஜிபார் வானொலி அறைக்கே வந்துவிட்டாள். கையில் குளிர்கால மேய்ச்சலில் இருக்கிற மந்தைக்காரர்களின் தொலைபேசி எண்கள். கால்நடை மருத்துவர் அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய பட்டியல், இருபத்து மூன்று பேர். நிலையத்துத் தொலைபேசியைத் தொட இயக்குநர் விடவில்லையாம். நான் என் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினேன்.

மேட்டில் ஏறி நின்றால்தான் அவர்களுக்குச் சிக்னல் கிடைக்கும். பாதிப் பேர் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களில் சிலர் சிரித்தார்கள், மற்றவர்கள் அரைமனதாகச் சரி என்றார்கள். ஒருவன், "அப்ப நாளைக்கு வெயில்தான்" என்று சொல்லி வைத்துவிட்டான். அசில்கான் என்ற விதவை மட்டும், நானூறு ஆடு வைத்திருக்கிறவள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை மணிக்குச் சாரல்?"

"ரெண்டு மணிக்கு மேல."

"சரி, விடிஞ்சதும் இறங்குறேன்." அவ்வளவுதான்.

கடைசியாக ஜிபார் தன் அண்ணன் சமுடினைக் கூப்பிட்டாள். நூற்றெண்பது ஆடும் பதினாலு குதிரையும் வைத்துக்கொண்டு அவன் எல்லாருக்கும் மேலே, உயரத்தில் இருந்தான்.

"என்னடி, மறுபடி பனியா?"

"பனி இல்லண்ணே. மழை."

"பிப்ரவரில மழை." அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "நல்லாத் தூங்கு போ."

"சிரிக்காத. சாயங்காலமே உறைஞ்சிரும். ஜுத் வரும்."

சிரிப்பு நின்றது. "அந்த வார்த்தையச் சொல்லாதே."

"சொல்லாம இருந்தா வராம போயிருமா?"

"நவம்பர்ல உன் பேச்சக் கேட்டு ரெண்டு நாள் பட்டியில அடைச்சு வெச்சேன். வெச்சிருந்த புல்லுல பாதி தீர்ந்துச்சு. உன் அண்ணி இன்னும் என்னைத் திட்டிட்டிருக்கா."

"அது தப்பு. ஒத்துக்கறேன். இது தப்பில்ல. கீழ அசில்கானோட கொட்டகையில உனக்கும் எடம் இருக்கு. நான் பேசுறேன். காலையில கிளம்புண்ணே. எனக்காகக் கிளம்பு."

கால்மணி நேரம் கெஞ்சினாள், அதட்டினாள், செத்துப்போன அப்பாவைக்கூட இழுத்தாள். கடைசியில் அவன், "சரி, சரி, காலையில கிளம்புறேன். தொண தொணங்காத" என்றான். அவள் என் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடினாள். காதுமடல் சிவந்து கிடந்தது.

எழுந்து போகும்போது என்னைக் கேட்டாள்: "அண்ணே, நாளைக்கு நீங்க எந்தத் தாள வாசிக்கப் போறீங்க?"

"கையெழுத்துப் போட்ட தாளத்தாம்மா வாசிக்கணும்."

"ம்" என்றாள்.

காலை ஏழு மணிக்கு வாசித்தேன். மாறுபட்ட மேகமூட்டம். ஆங்காங்கே லேசான பனிப்பொழிவு. என் குரல் நல்ல குரல் என்பார்கள். கேட்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்குமாம். அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டே காலுக்குச் சாரல் ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. தெருவில் எல்லாரும் வெளியே வந்து உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்கள். ஆறு மணிக்குக் காற்று திரும்பியது. ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டது. தோளால் முட்டித் திறந்தேன். மறுநாள் காலையில் நிலையத்தில் மைனஸ் இருபத்தாறு. ஒரு டிகிரி பிசகியதற்காக அன்றும் ஜிபார் தன்னைத்தானே திட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

சமுடின் அன்று காலை இறங்கவில்லை. ஆடுகளைப் பட்டியிலிருந்து வெளியே விட்டு, குதிரைக்குச் சேணம்கூடக் கட்டிவிட்டானாம். ஏழு மணிக்கு வானொலியில் என் குரல். "கேட்டியா, லேசான பனியாம்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுச் சேணத்தை அவிழ்த்திருக்கிறான். அவன் மட்டும் இல்லை. ஜிபாரிடம் சரி என்று சொன்ன ஒன்பது பேரில் ஐந்து பேர் என் குரலைக் கேட்டுத்தான் தங்கிவிட்டார்கள்.

பாதை கண்ணாடியாகிவிட்டது. டிராக்டர் மேலே ஏற ஆறு நாள் ஆனது. சமுடினின் ஆட்டில் எழுபத்தொன்று செத்தது. குதிரைகள் ஐஸ் ஓட்டை உடைத்து உடைத்து முன்னங்கால்கள் கிழிந்து ரத்தம் வடிய நின்றன. பசி தாங்காமல் ஆடுகள் ஒன்றின் முதுகு ரோமத்தை ஒன்று தின்றிருந்தன. டிராக்டரில் முதல் ஆளாகப் போனவள் ஜிபார்; நானும் கூடப் போனேன். அண்ணன் அவளைப் பார்த்ததும் சொன்னது இதுதான்:

"ராத்திரி ஒண்ணு சொல்ற, காலையில ரேடியோவுல ஒண்ணு சொல்ற. எந்த ஜிபார நான் நம்பறது?"

ரேடியோவில் வந்தது தான் எழுதியது இல்லை என்று அவள் சொல்லவில்லை. திரும்பி வரும்போது டிராக்டரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான், "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"செத்த ஆட்டுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, நான் எழுதுனது வேற தாள்னு சொல்லணுமா? கேட்கவே நல்லாவா இருக்கு?" என்றாள். பிறகு, "நீங்களாவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அது உண்மை. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச்சில் விசாரணை வைத்தார்கள். முன்னறிவிப்பு தவறியதா என்று விசாரிக்கவில்லை. தாளில் மேகமூட்டம் இருந்தது, வெப்பநிலை குறையும் என்றும் இருந்தது. எல்லாம் நடந்ததே என்றார்கள். விசாரித்தது வேறு: அனுமதி இல்லாத தகவலைத் தனி நபர்களுக்குத் தொலைபேசியில் பரப்பியது யார்? ஜிபாருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். அசில்கான் நாற்பது கிலோமீட்டர் குதிரையில் வந்து, தன் நானூறு ஆட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று சாட்சி சொன்னாள். அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். மெடெர்பெக் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் எழுந்து, அடித்துத் திருத்திய தாளை வாசித்தவன் நான்தான், அதில் அடிபட்ட வரிகளையும் நான் பார்த்தேன் என்றேன். "உங்களைக் கேட்கும்போது பேசலாம்" என்றார்கள். கேட்கவே இல்லை.

ஜிபார் வேலையை விடவில்லை. விட்டுவிடுவாள் என்றுதான் ஊரே நினைத்தது. அவள் இயக்குநரிடம் போய், இனிமேல் தான் எழுதியதில் யார் ஒரு சொல்லை அடித்தாலும் அடித்தவர் பெயரையும் சேர்த்தே வானொலியில் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் தாளைத் தர மாட்டேன் என்றாள். பெரிய சண்டை. மூன்று நாள் நிலையத்திலிருந்து தாளே வரவில்லை. நான் அந்த நேரத்தில் பாட்டுப் போட்டேன். நாலாம் நாள் தாள் வந்தது. அடித்தல் இல்லை. மெடெர்பெக் ஓய்வுபெறும் வரைக்கும் அதற்குப் பிறகு ஒரு தாளிலும் அடித்தல் வரவில்லை. கண்டனக் கடிதத்தை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை.

சமுடின் இரண்டு மாதம் தங்கையிடம் பேசவில்லை. தாளை இயக்குநர் திருத்திய கதையை அவன் பெண்டாட்டியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஏப்ரலில், ஆடுகள் குட்டி போடும் சமயம், அவன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தேநீர் குடித்தான். பிப்ரவரியைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்த வாரம் எப்படி?" என்றான்.

"புதன் சாயங்காலத்துலேர்ந்து ஈரப்பனி. வெள்ளி வரைக்கும் இருக்கலாம். குட்டிகள வெளிய விடாத."

மூன்று நாள் அடைத்து வைத்தான். வியாழக்கிழமை மட்டும்தான் பனி பெய்தது. சனிக்கிழமை சந்தையில் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டான்.

"ஒரு நாள் பனிக்கு மூணு நாள் புல்லு தீர்ந்துச்சு. உன் வானிலைக்காரிகிட்டச் சொல்லு."

"குட்டி எத்தனை செத்துது?" என்று கேட்டேன்.

"எதுவும் சாகல. அதுக்கென்ன இப்ப?" என்று சொல்லிவிட்டு, உப்பு மூட்டையைத் தூக்கிக் குதிரை மேல் போட்டுக்கொண்டு கிளம்பினான்.