சுடுதண்ணீர் ஊரில் அப்பா

அம்மா இறந்த பிறகு அப்பா தேவாலயத்துப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆண்டவரோடு கோபம் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிறு கதவிடுக்கில் பார்த்தபோது விளங்கியது. விறைத்த விரல்களால் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமல், சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு டீசேர்ட்டை மாட்டினார். நாற்பது வருடமாக அம்மா பூட்டிவிட்ட பொத்தான்கள். மகளிடம் கேட்க அவருக்கு மனமில்லை. டீசேர்ட்டோடு பூசைக்கு வருகிற ஆளும் அவர் இல்லை.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு இரண்டு மாதம் இருந்தது. என் வேலைக்கு மடிக்கணினியும் இணையமும் இருந்தால் போதும். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, கனடாவின் மேற்கே மலைகளுக்கு நடுவில், விரல் விறைப்புக்கு நல்லதென்று கேள்விப்பட்ட வெந்நீர் ஊற்று உள்ள ஒரு சிற்றூரில் ஒரு மாதத்துக்கு அறை எடுத்தேன். மொன்ட்ரியாலில் எட்டு மணி என்றால் அங்கே ஐந்து. விடியுமுன் வேலையில் உட்கார்ந்து, ஒரு மணிக்கு முடித்து, அப்பாவைக் குளத்துக்கு இழுத்துப் போவேன்.

"இறங்குங்கோ அப்பா."

"முப்பது வருஷம் ரெஸ்டோரண்ட்ல சுடுதண்ணிக்குள்ள கோப்பை கழுவினனான். இப்ப காசு குடுத்து அதுக்குள்ள இறங்கோணுமோ?"

சூடு கண்ட பூனை. கரையில் உட்கார்ந்து என் செருப்புக்குக் காவல் இருந்தார். பத்து நாள் கெஞ்சினேன். பதினோராம் நாள் கத்தினேன்.

"அப்ப என்னத்துக்கு என்னோட வந்தனீங்கள்?"

"நீ தனியப் போறாயெண்டு."



மறுநாள் இணையவழிக் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. மேலாளர் பிரெஞ்சில் ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, நான் ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்தேன். அப்பா கரையில் முழந்தாளிட்டு, கைகளை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டிருந்தார். தொட்டிக்குள் கோப்பை தேடுகிற அதே குனிவு. விரல்களை மெல்ல மடக்கி மடக்கி நீட்டினார்.  பார்த்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து, அப்பாவுக்குச் சொன்ன கணக்குப்படி, என் கூட்டங்கள் தினமும் ஒரு மணி நேரம் பிந்தித்தான் முடிந்தன.

அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. திருப்பலி நாள் காலை, மொன்ட்ரியாலில், அப்பா அறையை விட்டு வர நேரம் எடுத்தது. கதவைத் தட்டாமல் பொறுத்து நின்றேன். வெள்ளைச் சட்டையோடு வந்தார். கீழே நான்கு பொத்தான்கள் பூட்டியிருந்தன. என் முன்னால் நின்று, கழுத்து தெரிய நாடியை உயர்த்தினார்.

"மேல ரெண்டும் வரேல்ல பிள்ளை. பூட்டிவிடு."

பூட்டிவிட்டேன். இருவரும் பூசைக்குக் கிளம்பினோம்.