ஒரு சாண் கூடுதல்

ரௌட்டரை உள்ளங்கையில் வைத்து அம்மா இரண்டு முறை மேலும் கீழும் அசைத்தாள். “எழுபது கிராம். வயரோட நூறு,” என்றாள். அட்டைப்பெட்டியில் அறுபத்தெட்டு என்று போட்டிருந்தது. “அது அவங்க போட்டது,” என்று பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் எடை பார்ப்பாள். ஊர் ஊராகப் போய், மருத்துவமனைகளில் பச்சைக் குழந்தைகளை நிறுக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் தொழில். எஃகு எடைக்கற்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பாள். வெறுங்கையால் தொடமாட்டாள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசைகூட எடைதான் என்பாள். சின்ன வயதில் ஒரு கல்லை எடுத்து விளையாடிவிட்டு நான் வாங்கிய திட்டு அப்பாவுக்கே கேட்டிருக்கும் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சு முழுக்கக் கையில்தான்.

மாதத்தில் பாதி நாள் அம்மாவுக்கு விடுதி அறை. மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடியோ அழைப்பு. படம் உறைந்தால் மற்றவர்களுக்குக் குரலாவது வரும். இவர்களுக்குப் பாதி வாக்கியத்தில் ஒரு கை அந்தரத்தில் நிற்கும். “போன தடவை உங்கப்பா விரலை நீட்டினதோட நின்னுபோச்சு. என்னைத் திட்ட வந்தாரா, எதையாவது வாங்கிட்டு வரச் சொன்னாரா, ஒண்ணும் தெரியல. கேட்டா, மறந்துபோச்சுங்கறார்.” எந்த அறையில் எங்கே சிக்னல் கிடைக்கும் என்று குறிக்க ஒரு நோட்டு வைத்திருந்தாள். ‘அறை 12: ஜன்னலை ஒட்டி உட்காரவும். அறை 7: அலமாரிக்கு எதிரே, நின்றுகொண்டே. அறை 3: வேண்டவே வேண்டாம்.’

அதற்காகத்தான் இந்தப் பயண ரௌட்டர். விடுதிச் சுவரில் இருக்கும் கேபிள் துளையில் செருகினால், அறைக்குள் நமக்கென்று ஒரு வைஃபை தரும். எனக்குச் சோறு போடுவது நெட்வொர்க் வேலை. பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வைஃபைக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டேன்.

“வீட்டுல இருக்கறதுக்கு என்ன பேரோ, அதே பேரு. அதே பாஸ்வேர்டு. எந்த ஊருக்குப் போனாலும் என் டேப்லெட்டு வீடுன்னு நெனச்சுக்கட்டும். கேள்வி கேக்காம ஒட்டிக்கும்ல?”

ஒட்டிக்கொள்ளும். அப்படியே வைத்தேன். சோதித்தபோது டேப்லெட்டில் சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன, இணையம் இல்லை. சேனலை மாற்றினேன். அணைத்துப் போட்டேன். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து அமைத்தேன். அரை மணி நேரம் ஓடியது. அம்மா எழுந்து வந்து புது ரௌட்டரின் வயரைப் பிடுங்கினாள். இணையம் வந்தது. ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வைஃபை. கேபிளே செருகாத புதியதை டேப்லெட் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்திருக்கிறது.

“இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சேனாடி? ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே பேர வெச்சா, கூப்பிட்டா யாரு வருவா?” பிறகு, பொய்க்கணக்குக் காட்டும் கருவிகளைப் பற்றி வழக்கமாகச் சொல்வதையும் சொன்னாள். “காட்டறது வேற, இருக்கறது வேற.”

பிளாஸ்டர் துண்டில் ‘வீட்டில் போடாதே’ என்று எழுதி ரௌட்டரின் முதுகில் ஒட்டினாள். அப்பாவிடம் போய் நடந்ததைக் கையால் சொன்னாள். நான் முழித்த முழியையும் நடித்துக் காட்டினாள். அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். அந்த வேகத்தில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அம்மா எப்போதும் நடுவில் இருந்ததால் சைகை மொழியை நான் அரைகுறையாகவே கற்றேன். என் கை திக்கும்.

அன்று இன்னொரு வேலையும் இருந்தது. அப்பா படங்களுக்குச் சட்டம் போடுபவர். வேலை மேசை பின்னறையில் இருக்கிறது. அங்கே சிக்னல் எட்டாது. ஏழு மணியானால் பசை தடவிய சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்கு ஓடி வருவார். பேச்சுக்கு நடுவே அதைப் பார்த்துவரத் திரும்ப ஓடுவார். பின்னறை வரை கேபிள் இழுத்து என் பழைய ரௌட்டரை அங்கே வைக்கலாம் என்றேன். அம்மா ஒரு நூல்கண்டை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“மீட்டர்ல அளந்து சொல்லும்மா.”

“நூலு வளையற எடத்துல வளையும். நம்பர் வளையுமா?”

முன்னறை ரௌட்டரிலிருந்து சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றி, மேசைக் கால் வரை நூலை ஓட்டினாள். முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்கு அப்பால் ஒரு சாண் விட்டு வெட்டினாள். நானே வாங்கி அனுப்புகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “நீ வாங்கினா பத்து மீட்டர் மிச்சமாகி மூலைல சுருண்டு கெடக்கும். போற ஊர்ல பெரிய கடை இருக்கு. நான் பாத்துக்கறேன்.” நூலைச் சுருட்டி ரௌட்டர் பைக்குள் போட்டாள்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு பிரசவ வார்டில் மூன்றாவது கருவியைச் சரிபார்க்கும்போது விழுந்தாள். சுற்றிலும் மருத்துவர்கள் இருந்தார்கள். பயனில்லை. செய்தி எனக்குத்தான் வந்தது. ஏழு மணிக்கு அப்பா திரையைத் திறந்தபோது அதில் நான் இருந்தேன்.

இப்போதும் ஏழு மணிக்கு என் ஊரிலிருந்து நான்தான் அழைக்கிறேன். சாப்பிட்டீர்களா, வேலை இருந்ததா. அதற்கு மேல் என் கை ஓடுவதில்லை. பசை காய்ந்துவிடும் என்று சொல்லி அப்பா எழுந்துவிடுகிறார்.

சென்ற வாரம் வீட்டுக்குப் போனேன். மருத்துவமனையிலிருந்து வந்த பையை அதுவரை யாரும் திறக்கவில்லை. எடைக்கற்கள், கையுறை, நோட்டு, முதுகில் பிளாஸ்டருடன் ரௌட்டர், நூல். கேபிள் இல்லை.

அப்பா நூலின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, முன்னறையில் வீட்டு ரௌட்டர் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். தானே சுவரோரமாக விரித்துக்கொண்டு போனார். முடிச்சு மேசைக் காலுக்குச் சரியாக வந்தது. என் முனையை ஆணியில் கட்டிவிட்டு வந்து, தாளில் அளவைக் குறித்துக்கொள்ள மீட்டர் நாடாவை முடிச்சில் வைத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மற்ற கையின் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து, முடிச்சுக்கு அப்பால் தரையில் வைத்தார்.